அம்மா அனுப்பியது திரும்பி வந்தது

அம்மாவின் முதலாண்டு நினைவு நாளில் இம்மலரைக் கையில் வாங்கியிருக்கும் உற்றாருக்கும் உறவினருக்கும் ஊராருக்கும் மகளின் வணக்கம்.

என்னிடம் இரண்டு பக்கம் கேட்டவர் பெரியப்பா. என் அப்பாவின் உடன்பிறந்த அண்ணன் அவர். "நல்லதா நாலு வார்த்த எழுதும்மா. செத்தவங்களப் பத்திக் கெட்டது எழுதக்கூடாது" என்றார். அம்மாவைப் பற்றிக் கெட்டதாக எழுத என்னிடம் அதிகம் இல்லை. இருப்பவர்களைப் பற்றி எழுதக்கூடாது என்று அவர் சொல்லவில்லை. அதனால் எழுதுகிறேன். இரண்டு பக்கத்துக்கு மேல் போகும்.

முதல் பக்கத்தில் 'எங்கள் குடும்பத்தின் பெருமை' என்று பெரியப்பா எழுதியிருப்பதைப் படித்திருப்பீர்கள். நான்காம் பக்கத்தில் ஹாம் ரேடியோ சங்கத்தின் செயலாளர் அனுப்பிய இரங்கல் செய்தியையும் படித்திருப்பீர்கள். அந்த இரண்டையும் அம்மா உயிரோடு இருந்து படித்திருந்தால் இம்மலரை அடுப்பில் போட்டிருப்பார். அம்மா நேர்மையானவர். இனிமையானவர் என்று சொன்னால் அது பொய்.

அம்மா பிறந்தது காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் தாமலில். ஏரி நிரம்பிக் கலங்கல் வழிந்த ஒரு ஐப்பசியில், ஐந்து பிள்ளைகளில் நான்காவதாகப் பிறந்தார். பத்தாவது தேறியதும் தபால் அலுவலகத்தின் தந்திப் பிரிவில் வேலை கிடைத்தது. அந்தக் காலத்தில் தந்தி என்றால் மோர்ஸ். குறுகிய சத்தம் ஒன்று, நீண்ட சத்தம் ஒன்று. அந்த இரண்டை மாற்றி மாற்றி வைத்து எழுத்தெல்லாம் அனுப்பிவிடலாம். கூடப் பயின்றவர்கள் ஒவ்வொரு சத்தத்தையும் எண்ணிக்கொண்டிருக்க, அம்மா மட்டும் பேச்சைக் கேட்பதுபோல் கேட்டு எழுதினாராம். பிறகு இயந்திரங்கள் வந்தன, மோர்ஸ் போயிற்று. அம்மாவைக் கவுண்டரில் தபால்தலை விற்க உட்கார வைத்தார்கள். ஓய்வு பெறும் வரை அதே வேலைதான்.

உத்திரமேரூருக்குப் பக்கத்தில் எங்கள் ஊருக்கு மருமகளாக வந்தார். அப்பாவுக்கும் பெரியப்பாவுக்கும் பாகம் பிரித்த நிலம் அடுத்தடுத்து இருந்தது. எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது, ஒரு மழைக்காலத்துக் காலையில் அப்பா வயலுக்குப் போனார். அறுந்து விழுந்து தண்ணீரில் கிடந்த மின்கம்பியை மிதித்து, அங்கேயே இறந்துபோனார். நான் ஒரே பிள்ளை. அதன் பிறகு அம்மா வேலைக்குப் போய்க்கொண்டே நிலத்தையும் பார்த்துக்கொண்டார். நிலத்தைத் தன் பொறுப்பில் விட்டுவிட்டுத் தாமலுக்கே போய்விடச் சொல்லி பெரியப்பா பலமுறை ஆள் அனுப்பினார். அம்மா போகவில்லை.

ஓய்வு பெற்ற மறு வருடம் அம்மா ஹாம் ரேடியோ உரிமத்துக்கான தேர்வு எழுதச் சென்னைக்குப் போனார். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். அரசாங்கம் தேர்வு வைத்து உரிமம் கொடுத்தவர்கள், வீட்டில் வைத்த ரேடியோ பெட்டி வழியாக, நடுவில் எந்தக் கம்பெனியும் கோபுரமும் இல்லாமல் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்வதுதான் ஹாம் ரேடியோ. குரலிலும் பேசலாம், மோர்ஸிலும் பேசலாம். தேர்வு அறையில் இருந்தவர்கள் எல்லாம் என்ஜினியரிங் படிக்கிற பிள்ளைகள். மோர்ஸ் தேர்வில் அம்மா பேனாவைத் தூக்காமல் எழுதி முடித்துத் தாளை நீட்டினார். தேர்வு அதிகாரி தாளைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார். கப்பலில் மோர்ஸ் தட்டிய ஆட்கள்தான் அந்த வேகத்தில் எழுதுவார்களாம்.

"நீங்க எந்தக் கப்பல்ல வேல பாத்தீங்கம்மா?" என்றார்.

"உத்திரமேரூர் பஸ்ஸுதான் சார் நான் ஏறுன பெரிய கப்பலு" என்றார் அம்மா.

இதைச் சொல்லும்போது மட்டும் அம்மா சிரிப்பார்.

பெட்டியை ஒருவர் பழையதாகக் கொடுத்தார். கம்பி வேண்டும். உத்திரமேரூர் கடைவீதியில் மின்சாமான் கடை வைத்திருக்கும் ரஹீம் பாய் செம்புக்கம்பியைச் சுருளாகக் கொடுத்து, மாடியில் சவுக்குக் கம்பம் நடுவதற்குக் கூட வந்து நின்றார். மாடியிலிருந்து, பெரியப்பா நிலத்தை ஒட்டிய வரப்பில் நிற்கும் பனைமரம் வரை கம்பியை இழுத்துக் கட்டினார்கள். அதுதான் அம்மாவின் ஆன்டெனா. ஒரு வாரத்துக்குள் ஜப்பானில் ஒருவர், இத்தாலியில் ஒருவர், ஆஸ்திரேலியாவில் ஒரு லாரி ஓட்டுநர் என்று பதிவு நோட்டில் பெயர்கள் ஏறின. அம்மாவுக்கு இங்கிலீஷ் பேச வராது. மோர்ஸில் அது ஒரு குறையே இல்லை. எல்லாம் சுருக்கெழுத்து, எல்லா நாட்டிலும் ஒரே சுருக்கெழுத்து.

இவ்வளவு தூரம் எப்படிப் போகிறது என்று ஒருநாள் கேட்டேன்.

"ஏரில ஓட்டாஞ்சில்லு வுட்டா தத்திக்கினே போவும் பாரு, அந்தமாரி" என்றார். "மேல காத்து கம்மியா கீற எடத்துல, வெயில் பட்டுப்பட்டு ஒரு அடுக்கு உண்டாவுது. நம்ம சத்தம் போயி அதுல மோதி கீழ வரும், தரைல மோதி மேல போவும். சூரியன் நல்லா காஞ்சா அடுக்கு கெட்டியா இருக்கும், சில்லு தூரமா போவும்."

ஊர் என்ன சொன்னது என்பதை இங்கே பதிவு செய்கிறேன். சொன்னவர்களில் பலர் இம்மலரைப் படித்துக்கொண்டிருக்கிறீர்கள். கம்பியால் இடி விழும் என்றீர்கள். கம்பியால்தான் மழை தள்ளிப் போகிறது என்றீர்கள். புருஷன் இல்லாதவள் சீமையில் இருக்கிற எவனோடோ காலையில் எழுந்ததும் பேசுகிறாள் என்று கிணற்றடியிலும் ரேஷன் கடையிலும் பேசினீர்கள். பெரியப்பா வீட்டு டிவியில் கோடு விழுந்தது. அதுவும் அம்மாவின் கம்பியால்தான் என்றார்கள். ரஹீம் பாய் தன் கடையிலிருந்த ஒரு டிவியை ஸ்கூட்டரில் கட்டி எடுத்து வந்து, பெரியப்பா வீட்டு வாசலிலேயே வைத்து ஓட்டிக் காட்டினார். எங்கள் வீட்டுக்குள் அம்மா, மோர்ஸ் அனுப்பும் கருவியான சாவியைத் தட்டிக்கொண்டிருந்தார். பாயின் டிவியில் ஒரு கோடு இல்லை. "உங்க ஸ்டெபிலைசர மாத்துங்க பெரியவரே" என்று சொல்லிவிட்டு டிவியை மறுபடி கட்டிக்கொண்டு போனார். அந்த ஸ்டெபிலைசர் இன்றுவரை மாறவில்லை.

பிறகு காவல் நிலையத்துக்கு மனு போயிற்று. வெளிநாட்டுக்கு ரகசியம் அனுப்புகிறாள் என்று மனு. கீழே பதினோரு கையெழுத்து. பெயர்களை எழுதவில்லை, உங்களுக்கே தெரியும். ஒரு இளம் எஸ்.ஐ. வந்தார். அம்மா உரிமத்தைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கதவுப் பக்கம் மாட்டி வைத்திருந்தார். எஸ்.ஐ. அதை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை நின்றபடியே படித்தார். படித்துவிட்டு வெளியே வந்து பெரியப்பாவிடம் சொன்னார்: "கவர்மென்ட்டு குடுத்த லைசென்சு பெரியவரே. இனிமே அந்தக் கம்பிய யாராச்சும் தொட்டா, கேஸு தொட்டவங்க மேலதான் வரும்."

பெரியப்பா ஜீப் போனதும் எங்கள் வாசலைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னார்.

"என் தம்பிய கம்பி தின்னுச்சி. இவ இன்னும் கம்பி கட்டிக்கினு கீறா!"

அந்த ஒரு வார்த்தையில் மட்டும் அவருடைய வலி இருந்தது. அதை நான் மறுக்கவில்லை.

இனி நான் எழுத வேண்டியதை எழுதுகிறேன். இது பெரியப்பாவைப் பற்றியது இல்லை.

அப்போது நான் அம்மாவோடு இருந்தேன். கணவரோடு ஒத்துப்போகாமல் திரும்பி வந்து மூன்று வருடம் ஆகியிருந்தது. ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் ஆய்வக உதவியாளராகத் தற்காலிக வேலை. வருடத்துக்கு ஒருமுறை துறைத் தலைவர் கையெழுத்துப் போட்டால் வேலை நீளும், இல்லையென்றால் இல்லை. அந்தத் துறைத் தலைவரும், அம்மா உறுப்பினராக இருந்த ஹாம் சங்கத்தின் செயலாளரும் ஒரே ஆள்.

அது மார்கழி நடுப்பகுதி. சூரியனில் கொந்தளிப்பு அதிகமாகி, அலைகள் முன்னெப்போதையும்விடத் தூரம் போய்க்கொண்டிருந்த வருடம். பொழுது விடிந்து சற்று நேரம் ஆகியிருக்கும். நான் அடுப்பில் உப்புமா கிளறிக்கொண்டிருந்தேன். அம்மா உள்ளேயிருந்து கத்தினார்.

"ஏய், இங்க வாடி! எவனோ என்ன நக்கல் பண்றான்!"

போனேன். காதுக் கருவியைக் கழற்றி என் தலையில் மாட்டினார். சாவியை ஒருமுறை தட்டினார். டிட் என்று ஒரு சத்தம். அது முடிந்ததும், மிக மெல்லியதாக, இன்னொரு டிட். அம்மா மூன்று தட்டினார். மூன்றாவது முடிந்த பிறகு ஒன்று கூடுதலாகக் கேட்டது. அம்மா தாளத்தை மாற்றினார். நீளமாக ஒன்று, குட்டையாக இரண்டு, மறுபடி நீளமாக. கடைசி நீட்டலுக்கு ஒரு வால் இருந்தது. மூடுபனிக்கு அந்தப் பக்கம் நின்று யாரோ திருப்பிச் சொல்வதுபோல் இருந்தது.

"கேக்குதா?"

"கேக்குது."

"நான் இன்னா போடப் போறேன்னு அவனுக்கு எப்டிடி தெரியும்? நான் போட்டு முடிக்கறதுக்குள்ள போடறான்" என்றார் அம்மா. காதுக் கருவியைத் திருப்பி வாங்கி மாட்டி, இன்னும் ஒருமுறை தட்டிப் பார்த்தார். "இது ஆளு இல்ல. இது நான்தான். என்துதான் சுத்திக்கினு வருது."

பூமியை ஒருமுறை சுற்றி வர ரேடியோ அலைக்கு, ஒரு நொடியை ஏழு பங்காக்கினால் அதில் ஒரு பங்கு போதும். அம்மாவின் கம்பியிலிருந்து கிளம்பியது மேலும் கீழுமாகத் தத்தி, கடல்களைத் தாண்டி, உலகத்தின் மறுபக்கமாக வந்து அதே கம்பியில் விழுந்திருந்தது. அம்மா அதை உடனே நம்பிவிடவில்லை. ஆன்டெனாக் கம்பியைக் கழற்றிவிட்டு, அதன் இடத்தில் சக்தியை வெளியே விடாமல் உள்ளேயே தின்றுவிடும் ஒரு டப்பாவை மாட்டித் தட்டினார். வால் இல்லை. கம்பியை மாட்டினார். வால் வந்தது. வெயில் ஏற ஏற மெலிந்து கால்மணி நேரத்தில் போய்விட்டது. மறுநாளும் பார்த்தார். பத்து நாள் பார்த்தார். ஏழு நாள் வந்தது, மூன்று நாள் வரவில்லை. எல்லாவற்றையும் நேரத்தோடு நோட்டில் எழுதினார்.

தை பிறந்ததும் காஞ்சிபுரத்தில் சங்கத்தின் மாதக் கூட்டம். அம்மா நல்ல புடவை கட்டிக்கொண்டு, நோட்டைப் பையில் வைத்துக்கொண்டு வந்தார். இருபது ஆண்கள், அம்மா, நான். தன் முறை வந்ததும் எழுந்து, கேட்டதைச் சொன்னார்.

செயலாளர் முழுதும் கேட்கவில்லை. "ஒரு பனமரம், ஒரு வயரு. அத வெச்சிக்கிட்டு உலகத்தச் சுத்திட்டீங்களாம்மா?" என்றார். அறை சிரித்தது. "பழைய ரிசீவர். உள்ள ஏதோ கோளாறு. யாராவது பசங்கள அனுப்பறேன், திறந்து பாப்பாங்க."

"மிஷினு கோளாறுன்னா, சூரியன் வந்தது அதுக்கு எப்டி சார் தெரியும்?" என்றார் அம்மா. "விடிஞ்சா வருது. வெயில் ஏறுனா போயிடுது. வயர அவுத்தா இல்ல. மாட்டுனா கீது. நான் படிச்சவ இல்ல சார். கேட்டத கேட்டேன்னு சொல்றேன்."

"வயசானா காதுக்குள்ளயே சத்தம் கேக்கும்மா. எங்க அம்மாவுக்கும் இருக்கு." மறுபடி சிரிப்பு. அப்போது அவர் என்னைப் பார்த்தார். நான் யார் என்று அவருக்குத் தெரியும். அவர் துறையில்தான் வேலை செய்தேன். "நீங்க கூட இருந்தீங்கல்ல? நீங்க சொல்லுங்க. கேட்டுச்சா?"

எல்லோரும் திரும்பினார்கள். அம்மா திரும்பவில்லை. நான் சொல்லப்போவது தெரிந்த விஷயம்தானே என்பதுபோல் செயலாளரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்குச் சரியாத் தெரியல சார்" என்றேன்.

கேட்டது. பத்து நாளில் ஏழு நாளும் கேட்டது. அடுத்த மாதம் என் வேலைக்கான தாள் அவர் மேசைக்குப் போகவிருந்தது. அவ்வளவுதான் காரணம். அழகான காரணம் எதுவும் இல்லை.

"பாத்தீங்களா?" என்றார் செயலாளர். அம்மா நோட்டை மூடிப் பையில் வைத்தார்.

பேருந்தில் ஏறியதும், எப்போதும்போல் ஜன்னல் பக்கம் எனக்கு விட்டார். உத்திரமேரூர் வரும்வரை திட்டுவார் என்று காத்திருந்தேன். மறுநாளும் திட்டவில்லை. காலையில் எழுந்து உட்கார்ந்தார், தட்டினார், எழுதினார். என்னைக் கூப்பிடவில்லை. அதன் பிறகு ஒரு காலையிலும் என்னைக் கூப்பிடவில்லை.

தப்பு செய்தவளுக்குத்தான் கோபம் முதலில் வரும். எனக்கு வந்தது. ஒரு மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு நான்தான் சண்டையைத் தொடங்கினேன். ஊரே சிரிக்கிறது என்றேன். அந்தப் பெட்டியைத் தூக்கிப் போடச் சொன்னேன். புருஷன் வீட்டிலும் தலை நிமிர முடியவில்லை, இங்கேயும் முடியவில்லை என்று, சம்பந்தமில்லாததை எல்லாம் சேர்த்துக் கத்தினேன்.

அம்மா அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே, "போறதுன்னா போடி. கதவு தொறந்துதான் கீது" என்றார்.

போனேன். காஞ்சிபுரத்தில் ஒரு அறை எடுத்துத் தங்கினேன். ஒரு வருடத்துக்கு மேல் நாங்கள் பேசவில்லை. அந்த இடைவெளியில் நடந்ததை ரஹீம் பாய் சொல்லிப் பிறகு தெரிந்துகொண்டேன். அவர் அன்று அங்கேயே இருந்தவர்.

ஆடி மாதத்தில் ஒருநாள் அம்மாவின் கம்பி தரையில் கிடந்தது. பனைமரத்துப் பக்கம் பிளையர் வைத்துச் சுத்தமாக வெட்டியிருந்தது. அம்மா வெட்டிய முனையைக் கையில் எடுத்துக்கொண்டு பெரியப்பா வீட்டு வாசலுக்குப் போனார்.

"மாமா, இது யாரு வேல?"

"நான்தான் வெட்டுனேன். இன்னா இப்ப? பன என்து. போயி அந்த எஸ்.ஐ.ய கூட்டியா."

"எஸ்.ஐ. எதுக்கு? நானே சொல்றேன்" என்றார் அம்மா. "உன் தம்பிய எந்தக் கம்பி தின்னுச்சி மாமா? என் கம்பியா? உன் மோட்டாருக்கு நீ திருட்டுத்தனமா இழுத்த லைனுதான் மழைல அறுந்து வுழுந்திச்சி. போலீசு வர்றதுக்கு முன்ன நீ அத சுருட்டி வெக்கப்போர்ல சொருவுனத நான் பாத்தேன். பொண்ணு சின்னவளா இருந்தா, உன் தயவு வேணும்னு வாய மூடிக்கினேன். இத்தினி வருசம் தொறந்தனா? நீ என்ன ஊரு பூரா வுளவாளின்னு சொன்ன. அப்பயும் தொறந்தனா?"

வாசலில் பத்துப் பேர் இருந்தார்கள் என்றார் பாய். பெரியப்பா உள்ளே போய்விட்டார். அன்று முதல் அந்த வீட்டில் ஒரு டம்ளர் தண்ணீர் அம்மா வாங்கியதில்லை, கொடுத்ததுமில்லை. அவர்கள் வீட்டுக் கல்யாணத்துக்குப் போகவில்லை, சாவுக்கும் போகவில்லை.

மறுநாள் காலையில் தன் நிலத்திலேயே, கிணற்றுக்குப் பக்கத்தில் ஒரு சவுக்குக் கம்பம் நட்டு, அறுபது வயதைத் தாண்டிய அம்மா ஏணி வைத்து ஏறிக் கம்பியைக் கட்டினார். கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றது பாய் ஒருவர்தான். அப்போதே அம்மாவுக்கு மூச்சு வாங்கியதாம். "இறங்குங்க அக்கா, நான் ஏர்றேன்" என்று பாய் சொல்லியும் கேட்கவில்லையாம்.

நான் வீடு திரும்பியது ஒரு மின்னஞ்சலால். அம்மா ஹாம் பதிவில் தொடர்புக்கு என் மின்னஞ்சல் முகவரியைத்தான் கொடுத்திருந்தார். சண்டைக்குப் பிறகும் மாற்றவில்லை. பெரு நாட்டிலிருந்து ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர் ஒருவர் எழுதியிருந்தார். நம் ஊரில் குழி தோண்டிக்கொண்டே போனால் பூமியின் மறுபக்கம் எங்கே வெளியே வருவோமோ, அதற்கு அருகில் இருக்கும் நாடு அது. எந்தத் திசையில் போனாலும் நமக்கும் அவர்களுக்கும் ஏறக்குறைய ஒரே தூரம். உங்கள் சத்தம் எனக்கு இரண்டாக வருகிறது என்று எழுதியிருந்தார். ஒன்று பூமியின் இந்தப் பக்கமாக வந்தது, மற்றது அந்தப் பக்கமாக வந்தது, நடுவில் ஒரு கண்ணிமைப்புகூட இல்லை, கிணற்றுக்குள்ளிருந்து கேட்பதுபோல் இருக்கிறது. அது மட்டுமல்ல, நீங்கள் நிறுத்திய பிறகு இன்னும் ஒன்று வருகிறது. அது உலகத்தை ஒரு சுற்று அதிகமாகச் சுற்றியது. நாற்பது வருடமாக இதில் இருக்கிறேன், இவ்வளவு தெளிவாக நான் கேட்டதில்லை. பதிவு செய்திருக்கிறேன், கேட்டுப் பாருங்கள் என்று முடித்திருந்தார்.

அறையில் உட்கார்ந்து போனில் கேட்டேன். இரைச்சலுக்கு நடுவே அம்மாவின் கை. அம்மா மோர்ஸ் தட்டும்போது கடைசி எழுத்தைச் சற்று இழுப்பார். ஆளின் நடைபோல அது மாறாது. அந்த இழுப்பு இரண்டு தடவை, பிறகு மெலிந்து மூன்றாவது தடவை கேட்டது. அடுத்த பேருந்தில் ஊருக்குப் போனேன்.

அம்மா பாதியாகியிருந்தார். நுரையீரலில் நோய். ஆஸ்பத்திரிக்கு ஆறு மாதமாகத் தனியாகவே போய் வந்திருக்கிறார். எனக்குச் சொல்லக்கூடாது என்று பாயிடம் சத்தியம் வாங்கியிருக்கிறார். பதிவைப் போட்டுக் காட்டினேன். கண்ணை மூடிக் கேட்டார். "நல்லா கீது" என்றார். அவ்வளவுதான்.

"அம்மா, அன்னிக்கு எனக்குக் கேட்டுச்சி" என்றேன்.

"தெரியும்."

"தெரிஞ்சும் ஏம்மா ஒரு வார்த்த கேக்கல? அடிச்சிருக்கலாம் இல்ல?"

அம்மாவுக்கு மூச்சு திரும்ப நேரம் ஆயிற்று.

"கேட்டு, எங்கிட்டயும் நீ இல்லன்னு சொல்லிட்டீன்னா நான் இன்னாடி பண்ணுவேன்? அவன் சொன்னா அவன் முட்டாள்னு போயிடலாம். நீ சொன்னா எனக்கே சந்தேகம் வந்துடும்."

மன்னித்தேன் என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. அதற்குப் பிறகு ஐந்து மாதம் இருந்தார். காலையில் கைத்தாங்கலாகக் கொண்டுபோய்ப் பெட்டிக்கு முன்னால் உட்கார வைப்பேன். கடைசி மூன்று வாரம் சாவியைத் தட்ட விரலில் வலு இல்லை. வருவதை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தார். பங்குனியில் ஒரு பகல் வேளையில், நான் வாயில் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தபோது உயிர் பிரிந்தது. கொள்ளி வைத்தது பெரியப்பாவின் மகன். அம்மாவைக் கேட்டிருந்தால் ஒத்துக்கொண்டிருக்க மாட்டார். அன்று எனக்குத் தடுக்கத் தெம்பில்லை. அதுவும் என் கணக்கில் ஒரு தப்பு.

காரியம் முடிந்த மறு மாதம் சங்கத்தின் கூட்டத்துக்குப் போனேன். என் வேலை அதற்கு முன்பே போய்விட்டது. எந்தக் கையெழுத்துக்காகப் பொய் சொன்னேனோ, அதை அவர் அந்த ஒரு வருடம் மட்டும் போட்டார். எழுந்து நின்று, அன்று பொய் சொன்னேன் என்று சொல்லிவிட்டு, பெருவிலிருந்து வந்த பதிவைப் போட்டேன். இந்த முறை யாரும் சிரிக்கவில்லை.

செயலாளர் தலையாட்டிக்கொண்டே கேட்டார். "இதெல்லாம் நடக்கக்கூடியதுதானேம்மா. நான் எப்ப இல்லன்னு சொன்னேன்?" என்றார்.

அவர் எழுதியதுதான் நான்காம் பக்கத்தில் இருக்கிறது. 'உலகைச் சுற்றி வந்த தன் சமிக்ஞையைத் தானே கேட்ட நம் பகுதியின் முதல் பெண்மணி. அவரது முயற்சிக்குச் சங்கம் என்றும் துணை நின்றது.' முதல் வாக்கியம் உண்மை. இரண்டாவது பொய்.

இக்கட்டுரையை அச்சுக்குக் கொடுப்பதற்கு முன் பெரியப்பா வாங்கிப் படித்தார். கண்ணாடியைத் துடைத்துவிட்டு இரண்டாம் முறையும் படித்தார்.

"அந்த லைனு விசயத்த எடுத்துடும்மா. பேரப்பசங்க படிப்பாங்க."

"எடுக்க மாட்டேன் பெரியப்பா."

தாள்களை அடுக்கி என்னிடம் திருப்பிக் கொடுத்தார். எழுந்திருக்கும்போது, "அன்னிக்கு மழ. வயலுக்குப் போவாதடான்னு அவங்கிட்ட சொன்னேன். அதயும் எழுது" என்றார்.

எழுதிவிட்டேன். அவர் சொன்னாரா என்பது எனக்குத் தெரியாது. நான் அங்கே இல்லை. கேட்டேன் என்றும் சொல்ல மாட்டேன், கேட்கவில்லை என்றும் சொல்ல மாட்டேன்.

நன்றி சொல்லும் கடமை இருக்கிறது. கம்பி கொடுத்து, ஏணி பிடித்து, கடைசி நாட்களில் ஆட்டோ கொண்டுவந்து வாசலில் காத்திருந்த ரஹீம் பாய்க்கும், கஞ்சி கொடுத்தனுப்பிய அவர் வீட்டாருக்கும் நன்றி. ஒரு தாளை முழுதும் படித்துவிட்டுப் பேசிய எஸ்.ஐ. அவர்களுக்கு நன்றி. ஊசி போட வீட்டுக்கே வந்து, வலிக்கும் இடத்தில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த செவிலியர் அம்மாவுக்கு நன்றி. பெருவில் இருக்கும் ஆசிரியருக்கு நன்றி. அவருக்குத் தமிழ் தெரியாது, நான் மோர்ஸ் கற்றுக்கொண்டு நேரில் சொல்கிறேன். சங்கத்துக்கு நன்றி இல்லை. மனுவில் கையெழுத்துப் போட்ட பதினோரு பேருக்கும் இல்லை. பெரியப்பாவுக்கு, இதை வெட்டாமல் அச்சுக்கு அனுப்பியதற்கு மட்டும் நன்றி.

படையலும் சாப்பாடும் பெரியப்பா வீட்டில் வைத்திருக்கிறார்கள். வந்தவர்கள் பசியோடு போக வேண்டாம், போய்ச் சாப்பிடுங்கள். நான் அங்கே வர மாட்டேன். ஏன் வரவில்லை என்று கேட்டால், உடம்பு சரியில்லை என்று யாரும் எனக்காகப் பொய் சொல்ல வேண்டாம். என் வீட்டில் அடுப்பு எரிகிறது, பத்துப் பேருக்குச் சமைத்திருக்கிறேன், பாயும் செவிலியர் அம்மாவும் வருகிறார்கள். அம்மாவைப் பற்றி உண்மையைப் பேச யாருக்காவது மனம் இருந்தால், இலை போட இடம் இருக்கிறது.